வேலை கொடுப்பவர் யார்? – உழைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் அவற்றின் ஒல்லாந்தப் பெயர்ப்புகளும்

ஆங்கிலத்தில் ‘வேர்க்’, ‘லேபர்’ என்னும் இரு சொற்களும் உழைப்பைக் குறிப்பன. அகராதிகள் இவற்றை ஒருபொருட் கிளவிகள் போலத் தருவதுண்டு. ஆயினும், ‘மூலதனம்’ முதலாம் பாகத்தின் நான்காவது ஜேர்மன் பதிப்பில் (1890) சேர்த்த குறிப்பொன்றில், இவ்விரட்டைச் சொற்கள் ஆங்கிலத்துக்கு வாய்த்த நலம் என்றார் ஏங்கெல்ஸ். பயன்பாட்டுப் பெறுமதியைப் படைக்கும், தன்மையால் வேறுபடும் உழைப்பு ‘வேர்க்’. பெறுமதியைப் படைக்கும், அளவால் மட்டுமே கணிக்கப்படும் உழைப்பு ‘லேபர்’. மார்க்சின் ஜேர்மன் மூலத்தில் இரண்டையும் ‘ஆர்பைற்’ என்ற ஒரே சொல்லே சுமந்தது.

ஒல்லாந்த மொழியிலும் இரு சொற்கள் உள. ‘வெர்க்’ என்பது ஆங்கில ‘வேர்க்’கின் உடன்பிறப்பு. ‘ஆர்பெய்ற்’ என்பது மேற்கூறிய ஜேர்மன் சொல்லின் இனம். எனவே முன்னதற்கு முன்னதும் பின்னதற்குப் பின்னதும் ஈடாகும் எனத் தோன்றும். கலைப்படைப்பும் ஆசிரியரொருவரின் முழுப் படைப்புத் தொகுதியும் ‘வெர்க்’ என்றே வழங்கும். நாவலொன்றை ‘ஆர்பெய்ற்’ என்பாரில்லை. உழைப்புச் சக்தி, உழைப்புச் சந்தை ஆகியன ‘ஆர்பெய்ற்’ஐ முன்னொட்டாகக் கொள்வன. 1946இல் தோன்றிய ஒல்லாந்தத் தொழிற்கட்சியின் பெயரிலும் அச்சொல்லே உண்டு.

ஆனால் இவ்வொழுங்கு நெடுந்தூரம் செல்வதில்லை. ஆங்கிலத்தார் தொழிலாளி வர்க்கத்தையும் வேலைநாளையும் ‘வேர்க்’கின் அடியாகவே கூறுவர், ஒல்லாந்தர் இரண்டையும் ‘ஆர்பெய்ற்’இன் அடியாகக் கூறுவர். மகப்பேற்று வேதனைக்கும் ஆங்கிலத்தில் ‘லேபர்’ என்பதே பெயர். ஒல்லாந்தத்தில் இன்று அதற்கு வேறு சொல்.

சிக்கல் முதிர்வது ‘எம்ப்ளோயர்’, ‘எம்ப்ளோயீ’ என்னும் சோடியிலேயே. பிரெஞ்சு வழிவந்த இச்சொற்களின் வினையடிக்குப் பயன்படுத்துதல் என்பது பொருள். அதாவது ஒருவர் பயன்படுத்துபவர், மற்றவர் பயன்படுத்தப்படுபவர். ஆங்கிலம் தன்னையறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறது! ஒல்லாந்தத்தில் இவற்றுக்கு வழங்குவன ‘வெர்க்ஹேவர்’, ‘வெர்க்நேமர்’ என்பன. சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால், முன்னவர் வேலை கொடுப்பவர். பின்னவர் வேலை எடுப்பவர். மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியுமில்லை. வழக்கிலுள்ள சொற்கள் இவையே. இவற்றையொத்த ஜேர்மன் சொற்களை, ‘மூலதன’த்தின் மூன்றாம் பதிப்புக்கு 1883இல் எழுதிய முன்னுரையில் ஏங்கெல்ஸ் எள்ளி நகையாடினார். பணங்கொடுத்துப் பிறர் உழைப்பைப் பெறுபவன் கொடுப்பவன் ஆகிறான். கூலிக்குத் தன் உழைப்பைப் பறிகொடுப்பவன் எடுப்பவன் ஆகிறான். கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிடுகிறது. (நமது ‘தொழில் வழங்குநர்’ என்ற சொல்லும் இவ்வழி நடப்பதே. ‘முதலாளி’ என்பது எவ்வளவோ வெளிப்படையான சொல்.)

இம்மாற்றம் ஒல்லாந்தச் சட்டத்திலும் தடம் பதித்திருப்பது நோக்கற்பாலது. தொழில் ஒப்பந்தம் பற்றிய 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தின் ஒரு தரப்பினரை ‘வெர்க்ஹேவர்’ என்றது. மறு தரப்பினரையோ ‘ஆர்பெய்டர்’, அதாவது உழைப்பாளி என்றே குறித்தது. சோடி அங்கு இன்னும் முழுமை பெறவில்லை. 1997இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக் கோவையின் புதிய பகுதியில் ‘ஆர்பெய்டர்’ மறைந்து, அவ்விடத்தில் ‘வெர்க்நேமர்’ அமர்ந்துகொண்டார். எனினும் அதே வாசகத்தில், கூலிக்காக அவர் செய்ய உடன்படும் கருமத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. அது இன்றும் ‘ஆர்பெய்ற்’ தான்.