பெருநாள் சஹனில் அவருக்கும் இடம் கொடுங்கள்

காசநோயிலிருந்து குணமானவரைப் பெருநாள் விருந்தில் தனித் தட்டோடு ஓரமாக உட்கார வைப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அது தேவையில்லை.

இந்நோய் காற்றின் வழியாகத்தான் பரவும். ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ முஸாபஹா செய்வதாலோ தொற்றாது. சிகிச்சையை முழுமையாக முடித்து, குணமாகிவிட்டதென்று டாக்டர் சொன்னவரிடம் பயப்பட ஒன்றுமில்லை.

ஒருகாலத்தில் நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, நம் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் வைத்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று சென்னையில் நடந்த ஆய்வு 1959இலேயே காட்டிவிட்டது.

இந்தப் பெருநாளில் அவரையும் சஹனில் சேர்த்து உட்கார வையுங்கள். நோயைப் பற்றியே விசாரிக்காமல், வழக்கம்போல் சிரித்துப் பேசிச் சாப்பிடுங்கள். இன்னும் சிகிச்சையில் இருப்பவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். பெருநாளன்றும் மருந்தை விட வேண்டாம்.