எறியப்படும் நக்ஷத்திரங்கள்

நக்ஷத்திரங்கள் தத்தம் ஸ்தானத்தில் நிலைத்து நிற்பன என்பதே பொதுஜனங்களின் எண்ணம். அசோக் நகரில் மாடியேறி நிற்பவர்க்கு, வீதி விளக்குகளின் ஒளியை மீறித் தென்படும் இரண்டொரு நக்ஷத்திரங்களும் அவ்வாறே தோன்றும். ஆயினும், பிறந்த மண்டலத்தை விட்டே எறியப்பட்டு, மீளாது ஓடும் நக்ஷத்திரங்களும் உள. 2019-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஒன்று விநாடிக்கு 1,700 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செல்கின்றது. சுமார் 50 லக்ஷம் வருஷங்களுக்கு முன் நமது பால்வீதியின் மத்தியிலுள்ள கருந்துளையே அதனை எறிந்தது என்பது வானசாஸ்திரிகளின் முடிவு.

ஒரு கருந்துளைக்கே இத்தகைய வல்லமையெனில், இணைந்து சுழலும் இரண்டின் வல்லமையைக் கூறவும் வேண்டுமோ? இரு மண்டலங்கள் மோதி ஒன்றாகும்போது, அவற்றின் கருந்துளைகள் மத்தியை நோக்கி அமிழ்ந்து ஒன்றையொன்று சுற்றத் தொடங்குகின்றன. அருகே வரும் நக்ஷத்திரம் அச்சுழற்சியின் சக்தியில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டு, கவண் கல்லைப்போல் வெளியே பாய்கின்றது. பறிகொடுத்த இணை மேலும் நெருங்குகின்றது. அதாவது, ஒவ்வொரு வீச்சிலும் எறிபவர்க்கே நஷ்டம்.

கருந்துளைகள் அவ்வாறு அமிழ்வதேன்? கனத்த பொருளொன்று நக்ஷத்திரக் கூட்டத்தினூடே செல்லுங்கால், அக்கூட்டத்தின் ஆகர்ஷணமே அதனைப் பின்னிழுத்து வேகத்தைத் தணிக்கும். இதனை 1943-இல் கணித்துக் காட்டியவர், சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களே. அது நமக்குப் பெருமை. ஆனால் அக்கணிதம் அமெரிக்காவில் பிறந்தது. 1930-இல் சர்க்காரின் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றவர் அவர். எவரும் அவரைத் துரத்தவில்லை. எனினும் 1937 முதல் 1995-இல் மறையும் வரை அவருடைய உழைப்பின் பலன் சிகாகோவுக்கே உரியதாயிற்று.

இன்று நிலைமை முற்றும் அவ்வாறில்லை. பிரபஞ்சமெங்கும் பரவிய மெல்லிய ஆகர்ஷண அலைகளுக்குச் சான்று கண்டதாக 2023 ஜூனில் அறிவித்த குழுக்களுள், புணேக்கு அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளைக் கொண்டு உழைத்த இந்தியக் குழுவும் ஒன்று. கருந்துளை இணைகளே அவ்வலைகளின் மூலமாயிருத்தல் கூடும் என்பது நிபுணர்களின் கருத்து. அசோக் நகருக்குச் சில மைல் தொலைவிலுள்ள தரமணி கணித விஞ்ஞான நிலையத்தாருக்கும் அம்முயற்சியில் பங்குண்டு.

இவ்வாராய்ச்சியால் சோறு கிடைக்குமா என வினவுவோர் உளர். அறிவுடைய இளைஞர் வேறு தேசங்களில் சோறு தேடுவதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. ஆராய்ச்சிக்குப் பொருளும், ஆராய்வோர்க்கு உள்நாட்டிலேயே நிலையான உத்தியோகமும் அளித்தல் சர்க்காரின் கடமை. அதனை வற்புறுத்துதல் ஜனங்களின் கடமை. எறியப்பட்ட நக்ஷத்திரம் திரும்புவதில்லை.