யூரியாப் பசளையின் தரமும் இலைத்தெளிப்பும்

கொஸ்லந்த, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய பகுதிகளில் தேயிலையும் மரக்கறியும் செய்கைபண்ணும் சிறுதோட்டக்காரருட் சிலர், நிலத்துக்கு இடுவதற்கென வாங்கிய யூரியாவையே நீரிற் கரைத்து இலைமீதும் தெளிப்பதுண்டு. நிலத்துக்கு ஏற்ற யூரியா யாவும் இலைக்கு ஏற்றதன்று. இதன் காரணத்தை அறிய, அப்பசளை தொழிற்சாலையில் உருவாகும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் மிகுந்த அமுக்கத்தில் சூடேற்றி யூரியாக் கரைசலைப் பெறுவர். அதிலுள்ள நீரை ஆவியாக்கி, உருகிய யூரியாவை உயர்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து துளிகளாக விழச்செய்வர். கீழிருந்து எழும் காற்றிற் குளிர்ந்து அவை வெண்மணிகளாக இறுகும். யூரியா ஏறத்தாழ 133 பாகை செல்சியசில் உருகுகின்றது. அவ்வெப்பத்தில் நெடுநேரம் நிற்குமாயின், அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து, அமோனியாவை இழந்து, பையூரெற்று என்னும் வேறொரு பொருளாகின்றன. இதனை முற்றாகத் தவிர்த்தல் அரிது. ஆகவே வெற்றிடத்தின் உதவியால் நீரை விரைவாக நீக்கி, யூரியா உருகிய நிலையில் தங்கும் நேரத்தைக் குறைப்பர்.

தொழிற்சாலை ஆய்வுகூடத்தில் நைதரசன், ஈரம், மணியின் பருமன் ஆகியவற்றுடன் பையூரெற்றும் அளக்கப்படும். காரக் கரைசலில் செப்பு சல்பேற்றுடன் அது ஊதா நிறந் தரும். நிறத்தின் செறிவே அளவைக் காட்டும். இந்தியாவின் உரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி யூரியாவில் நைதரசன் 46 சதவீதத்துக்குக் குறையாமலும், பையூரெற்று 1.5 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மணிகள் கட்டிபிடியாதிருக்கப் போமல்டிகைட்டுச் சேர்ப்பதும், நைதரசன் மெதுவாக மாற்றமடைய வேப்பெண்ணெய் பூசுவதும் பின்னர் வந்த திருத்தங்கள். அவை பையூரெற்றைக் குறைப்பனவல்ல.

மேற்கூறிய அளவு நிலத்துக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாது. இலையிற் படும்போதோ நிலைமை வேறு. இலைக்குள் சென்ற பையூரெற்று எளிதிற் சிதைவதில்லை. நுனியும் ஓரமும் மஞ்சளித்து வெளிறும். எலுமிச்சை இனங்களும் கோப்பியும் அன்னாசியும் இதற்கு விரைவில் இலக்காகும். கொழுந்தையே விளைவாகக் கொள்ளும் தேயிலையில் இத்தகைய சேதத்துக்கு இடங்கொடுத்தல் தகாது. ஆகையால் நாக சல்பேற்றுடன் யூரியாவையும் கலந்து தெளிக்க எண்ணுவோர், பையூரெற்று அரைச் சதவீதத்துக்கும் குறைந்தது என்று மூடையிற் குறிக்கப்பட்டதையே கேட்டு வாங்குக. அது சற்று விலை கூடியதே. ஆயினும் தெளிப்புக்கு வேண்டுவது சிறிதளவே.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கிய பின்னரும் விலை பெரிதும் உயர்ந்தது. விலை உயர்ந்தவிடத்துக் கலப்படத்துக்கும் இடமுண்டு. 50 கிலோகிராம் மூடையில் 23 கிலோகிராம் நைதரசன் இருத்தல் வேண்டும். கால்பங்கு உப்போ மணலோ கலந்திருப்பின், ஏறக்குறைய 6 கிலோகிராம் நைதரசனுக்குரிய பணம் வீணாகும். இதனை நீங்களே ஓரளவு சோதிக்கலாம். ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கண்ணாடிக் குவளை நீரில் இடுக. நல்ல யூரியா தெளிவாகக் கரையும், குவளையும் குளிரும். மணல் அடியிற் தங்கும். உப்புக் கரைந்துவிடுமாதலால், வேறு சில மணிகளை இரும்புக் கரண்டியில் இட்டுச் சூடாக்குக. யூரியா உருகி, அமோனியா மணத்துடன் முழுவதும் மறையும், உப்பு எஞ்சிநிற்கும். புகையை முகராதீர், கதவைத் திறந்து வைத்துச் செய்க.

பையூரெற்றின் அளவை இச்சோதனைகள் காட்டமாட்டா. அதற்கு ஆய்வுகூடமே வேண்டும். ஐயமுண்டாயின், ஒரே மூடையில் மேலாக அள்ளாது, பல மூடைகளின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, ஈரம் புகாத போத்தலில் அடைத்து வையுங்கள். மூடையின் அச்சிட்ட பகுதியையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடவேண்டாம். இவற்றுடன் தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக. பசளையின் தரம் 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தினால் ஒழுங்குபடுத்தப்படுவதாகும்.