மலையின் முதல் விளைச்சல் நீர்

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடத்தில் எழுந்து நிற்கும் நீலகிரி, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைச் சிகரமாகக் கொண்ட மேட்டுநிலம் ஆகும். தேயிலையும் மலைக்காய்கறியும் சுற்றுலாவுமே இதன் விளைச்சல் என்று சமவெளியில் இருப்போர் நினைத்தாலும், இங்கே விளைவனவற்றுள் முதன்மையானது நீர்தான். உச்சியில் பெய்யும் மழை குந்தா, மாயாறு முதலியவற்றின் வழியே பவானியை நோக்கிப் பாய்ந்து, 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்கும், பின்னர் அமைந்த குந்தா மின்திட்டத்துக்கும், ஈரோட்டுப் பக்கத்துக் கீழ்பவானிப் பாசனத்துக்கும் பயன்பட்டுக் காவிரியில் கலக்கிறது. ஆகவே இந்த மலையில் எதை வளர்ப்பது, எதை வெட்டுவது, எங்கே கட்டுவது என்பவை மலைவாசிகளின் கவலையோடு நின்றுவிடுவதில்லை.

நீலகிரியின் உயர்பகுதி இயற்கையில் மூன்று அடுக்குகளாக அமைந்தது. மலை மடிப்புகளில் ஓடைகளை ஒட்டிக் குட்டையான பசுமைமாறா மரங்கள் செறிந்த சோலைக்காடும், சரிவுகளில் புல்வெளியும், பள்ளங்களில் சதுப்பும் உள்ளன. பெய்யும் மழையைப் புல்லின் அடர்ந்த வேர்களும் சோலையின் மக்கிய மண்ணும் உள்வாங்க, சதுப்புகள் அதைத் தேக்கிக் கோடையிலும் ஓடை வற்றாதபடி கசியவிடுகின்றன. இம்மலையின் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் பால்கோயில்களுக்குக் கூரை வேயும் புல் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. எருமை மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்ட அம்மக்களுக்குப் புல்வெளி பயனற்ற நிலமாக ஒருநாளும் இருந்ததில்லை.

காடழிந்ததால் உண்டானதே புல்வெளி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சதுப்புகளின் அடியில், முழுதும் மக்காத தாவர எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான கரிய மண்ணை ஆராய்ந்து 1993-இல் வெளியிடப்பட்ட முடிவுகள் இக்கருத்தை மாற்றின. ஒரு நிலத்தில் புல் மிகுந்திருந்ததா மரம் மிகுந்திருந்ததா என்பதை, அங்கே எஞ்சிய கரிமத்தின் வகையைக் கொண்டு கணிக்க முடியும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்து வறண்டிருந்தபோது இங்கே புல் பரவியிருந்ததையும், பின்னர் பருவமழை வலுத்தபோது மரங்கள் பெருகியதையும் அந்த மண் காட்டியது. புல்வெளி மிகப் பழையது என்பதோடு, தட்பவெப்பம் மாறினால் சோலையும் புல்வெளியும் இடம் மாறக்கூடியவை என்பதும் இதனால் தெளிவாகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இப்புல்வெளிகள் தரிசாகக் கொள்ளப்பட்டு, 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் ஊன்றப்பட்டன. விறகுக்காகத் தொடங்கிய இந்நடவு, விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டிழைக் கூழுக்காகவும் பெருந்தோட்டமாக விரிந்தது. அதன் விளைவை அளக்க உதகை மண்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் ஒரு நீண்ட சோதனை நடத்தியது. அருகருகே இருந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளின் ஓடைநீரைச் சில ஆண்டுகள் அளந்த பிறகு, ஒன்றை அப்படியே விட்டுவிட்டு மற்றதன் பெரும்பகுதியில் 1972-இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் அந்த ஓடையின் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடும், மரத்தை வெட்டியபின் மறுதாம்பாக வளர்ந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடும் குறைந்தன. கோடைக்கால ஓட்டம்தான் கடுமையாக அடிபட்டது. மரம் நட்டால் நீர் பெருகும் என்ற பொது நம்பிக்கை, எந்த மரம், எந்த நிலம் என்று கேளாமல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது போதிய சான்று.

இனி வரும் தட்பவெப்ப மாற்றங்கள் இச்சிக்கலைக் கூட்டும். வெப்பமான காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்குவதால், பல நாள் பரவிப் பெய்யவேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு உயர்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறுபுறம், புல்வெளியில் மரக்கன்றுகள் தலையெடுக்காமல் காப்பது பெரிதும் குளிர்கால உறைபனியே என்பதால், பனி குறைந்தால் சீகை இன்னும் வேகமாகப் பரவும்.

இதற்கு மலை முழுவதற்கும் ஒரே மருந்து கிடையாது. அயல் மரங்களை அகற்றித் தாய்நிலத் தாவரங்களை மீட்க வேண்டும் என்பது 2022-இல் தமிழக அரசு வகுத்த கொள்கை. எனினும் சீகையின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கி முளைக்க வல்லதாகையால், ஒருமுறை வெட்டிவிட்டு வந்தால் வெற்று மண்ணில் முன்னிலும் அடர்த்தியாக அதுவே எழும். வெட்டியவுடன் உள்ளூர்ப் புல்லை நட்டு ஆண்டுதோறும் நாற்றுகளைப் பிடுங்கினால்தான் பலன் உண்டு. பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வளர்ந்துவரும் இடங்களில், அத்தோப்பை மெல்ல மெல்லக் கழிப்பதே அறிவுடைமை. சீகை விறகை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்களுக்கு மாற்று எரிபொருளும் உறுதியாக வேண்டும்.

விளைநிலத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வேரழுகாமல் இருக்க, நீர் வடியும் வண்ணம் பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக இடும் வழக்கம் உண்டு. நீரோடு மேல்மண்ணும் இறங்கி அணைகளில் வண்டலாகத் தங்குகிறது. சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் மலைப்பக்கம் சற்றே சாய்த்து, உள்விளிம்பில் வாய்க்கால் அமைக்கும் உட்சரிவுப் படித்தளம் வடிகாலையும் மண்காப்பையும் ஒருங்கே தருகிறது. மிகச் செங்குத்தான சரிவுகளிலோ, மண்ணைக் கிளறாத தேயிலையும் நிலையான புல்லுமே தகும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத சிறு விவசாயி செடியைப் பிடுங்கிக் காய்கறிக்கு மாறுவதும், நிலத்தைத் தங்கும் விடுதிக்கு விற்பதும் இயல்பு. எனவே தேயிலை விலையும் மண்வளப் பாதுகாப்பின் ஒரு பகுதியே. சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி நடைமுறைக்கு வந்த இ-பாஸ், மலையின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நல்ல தொடக்கம். ஓடையோரத்திலும் சதுப்பிலும் சரிவிலும் எழும் கட்டடங்களுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

இவை அனைத்திலும் செலவும் இழப்பும் மலையில் இருப்பவருக்கு, பயன் கீழே இருப்பவருக்கு என்பதே இன்றைய நிலை. படித்தளம் வெட்டுவதற்கும் சதுப்பை உழாமல் விடுவதற்கும் ஆகும் செலவில், பவானி நீரைக் குடிக்கும் நகரங்களும், அதனால் பாசனம் பெறும் வயல்களும், அதனால் சுழலும் விசையாழிகளும் பங்கு ஏற்காதவரை, நீலகிரியைக் காக்கும் எந்தத் திட்டமும் ஏட்டளவிலேயே நிற்கும்.