திரையில் ஓடும் நெடும்பந்தயம்

பிரான்சு தேசத்து லு மான் நகரில் 1923ஆம் ஆண்டு தொடங்கிய இருபத்துநான்கு மணிநேர மோட்டார்ப் பந்தயத்தைக் கேள்வியுறாதார் சிலரே. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயால் அது பிற்போடப்படவே, யூன் 13, 14ஆந் திகதிகளில் இணையவழியாகக் கணினித் திரையில் ஒரு பந்தயம் நடாத்தப்பெற்றது. ஐம்பது வண்டிகள்; வண்டிக்கு நால்வராக இருநூறு சாரதிகள். ஸ்ரியறிங்கும் மிதிகளும் பூட்டிய கணினிமுன் அமர்ந்து, முறைமாறி ஓட்டினர்.

விளையாட்டுத்தானே என்பாருமுளர். அதற்கான ஆயத்தத்தை அறியின் அவ்வாறு கூறார். சுற்றொன்று 13.626 கிலோமீற்றர். அதற்குச் செல்லும் எரிபொருள் எவ்வளவு, ரயர் எத்தனை சுற்றுத் தாங்கும் என்பவற்றைப் பன்முறை ஓடிக் குறித்தே தரிப்பு வேளைகளை வகுப்பர். நால்வர்க்கும் வண்டி ஒன்றாதலின், அதனை ஒருவனது அதிவேகத்துக்கேற்ப அமைத்தல் பேதைமை என்பது எம் கருத்து. பகலில் அவன் கையிற் பறக்கும் வண்டி, விடியற்சாமத்தில் உறக்கம் விழித்துவந்து அமர்பவன் கையிற் சுழன்றுபோம். சற்று வேகங் குறையினும் நால்வர்க்கும் அடங்கும் அமைப்பே தக்கது. உறங்கும் வேளையும் முன்னரே வகுக்கப்படும். கம்பியில்லா இணைப்பை விடுத்துக் கம்பிவழி இணைத்தலும், அவ்வேளை இணையத்திற் படம் பாராதிருக்குமாறு வீட்டாரை இரத்தலும் ஆயத்தத்துள் அடங்கும்!

பந்தயத்தை நடாத்துவோர் பக்கம் இணைப்புத் தடுமாறின் யாது செய்வது? 2023 சனவரியில் நிகழ்ந்த இத்தகு பந்தயத்தில், முன்னணியில் ஓடிய உலக வாகையர் மக்ஸ் வேர்ஸ்ரப்பன் இணைப்பு அறுந்து பின்தள்ளப்பட்டார். சினந்து, பந்தயத்தினின்றே விலகிக்கொண்டார்.