கையுறைக்கு முன் கையெழுத்து

2017 ஆகஸ்ட் 25 அன்று ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்கள் ஹூஸ்டன் பகுதியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அதே மாநிலத்தின் நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை. வெள்ளம் வடிந்ததும், நண்பர் அழைத்தார் என்று ஒரு கிறிஸ்தவ நிவாரணக் குழுவோடு வீடுகளைத் துப்புரவு செய்யப் போனேன். காலை ஏழு மணிக்கு சர்ச் வாசலில் ஜெபம், காபி, ஆளுக்கொரு டி-ஷர்ட். கூடவே அட்டையில் செருகிய இரண்டு பக்கத் தாள் ஒன்றும் வந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மதியம், பிடுங்கிப் போட்ட சுவர்ப் பலகையில் நின்றிருந்த ஆணி என் கேன்வாஸ் ஷூவைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் கேட்டார்: "கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள்? இன்சூரன்ஸ் யாருடையது?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் அந்தத் தாளின் நகலை எடுத்துப் படித்தேன். காயம்பட்டால் செலவு என்னுடையது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது.

அந்தக் குழுவினர் நல்லவர்கள். உணவும் வாங்கிக்கொடுத்து, மருத்துவமனைக்கும் அவர்களே அழைத்துப் போனார்கள். ஆனால் நல்ல மனம் ஆணியைத் தடுக்காது, மருத்துவமனை பில்லையும் கட்டாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

களத்தில் இருப்பவர்கள் யார்?

அமெரிக்காவில் புயல் நிவாரணமும் தேவாலயமும் நீண்ட காலமாகச் சேர்ந்தே நடப்பவை. 1900-ல் கால்வெஸ்டன் நகரைப் புயல் அழித்தபோது சால்வேஷன் ஆர்மி தொண்டர்களை அனுப்பியது. மென்னோனைட் பேரிடர் சேவை 1950-ல் தொடங்கியது. தெற்கு பாப்டிஸ்டுகளின் நிவாரணப் பணி 1967-ல் டெக்சாஸைத் தாக்கிய பியூலா புயலோடு ஆரம்பமானது. மஞ்சள் சட்டையில் வருகிறவர்கள் அவர்கள். வெள்ளத்தில் ஊறிய வீட்டிலிருந்து சேற்றை வாரி, தரைவிரிப்பைச் சுருட்டி, சுவர்ப் பலகையை வெட்டி எடுத்து மரச்சட்டங்களைக் காய வைப்பதை இவர்கள் 'மட்-அவுட்' என்பார்கள். காசு கொடுத்துச் செய்தால் பல ஆயிரம் டாலர் ஆகும் வேலை இது.

இந்தத் தொண்டில் இறங்குகிற யாரும் நான்கு தாள்களைக் கவனிக்க வேண்டும்.

முதல் தாள்: பொறுப்புத் துறப்பு

விபத்து நேர்ந்தால் அமைப்பின் மீது வழக்குத் தொடர மாட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொடுக்கும் தாள் இது. இதன் வலிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லூசியானாவின் சிவில் சட்டம், உடற்காயத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே விலக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது. மற்ற பல மாநிலங்களில் சாதாரணக் கவனக்குறைவுக்கு இந்தத் தாள் செல்லக்கூடும்.

தொண்டர்களுக்கு ஊழியர் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு பொதுவாகக் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தொண்டர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா?" இல்லை என்றால் உங்கள் சொந்தக் காப்பீடு போதுமா என்று பாருங்கள். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவு பணம் இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பில் மட்டும் பிறகு வீடு தேடி வரும்.

உங்களால் பிறருக்குச் சேதம் நேர்ந்தால்? 1997-ம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கமற்ற அமைப்பின் தொண்டரைச் சாதாரணக் கவனக்குறைவுக்கான தனிப்பட்ட பொறுப்பிலிருந்து காக்கிறது. படுமோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வண்டி ஓட்டும்போது நேரும் விபத்துக்கும் கிடையாது. குழுவின் வேனை ஓட்டச் சொன்னால் காப்பீட்டு விவரம் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள்.

இரண்டாம் தாள்: வீட்டுக்காரரின் அனுமதி

கதவு திறந்து கிடந்தாலும், வீடு இடிந்து கிடந்தாலும், அது ஒருவருடைய வீடு. உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதித் தாள் இல்லாமல் ஒரு பலகையைக்கூடத் தொடக் கூடாது.

நாங்கள் போன வீடு ஒரு மூதாட்டியுடையது. குப்பை என்று நினைத்து ஈர மூட்டை ஒன்றை வாசலுக்கு இழுத்துப் போனேன். அவர் ஓடி வந்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போன திருமண ஆல்பம். ஒவ்வொரு பக்கமாக விரல் நுனியால் பிரித்து, வெயிலில் கிடந்த மேசை மேல் விரித்து வைத்தார். ஒரு படத்தில் மட்டும் மணமகனின் முகம் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து எந்தப் பொருளையும் கேட்காமல் தூக்குவதில்லை.

வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டையும் சேதமான ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்த பிறகே வெட்டிப் பிரிக்க விடுங்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கும் மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபீமாவுக்கும் அதுதான் சான்று.

மூன்றாம் தாள்: நம்பிக்கை அறிக்கை

பல குழுக்களில் எந்த மதத்தவரும் வேலை செய்யலாம். சில குழுக்கள் பொறுப்பாளர்களிடமோ நெடுநாள் தங்குவோரிடமோ விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்கும். மத அமைப்பு அப்படிக் கேட்பது அதன் உரிமை. ஒப்பாமல் விலகுவது உங்கள் உரிமை. மனமொப்பாததில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உதவி பெறுகிறவர் நிலை வேறு. 1988-ம் ஆண்டின் ஸ்டாஃபோர்டு சட்டம், மத்திய அரசின் பேரிடர் உதவியை இனம், மதம், நாடு, பாலினம், வயது, ஊனம், ஆங்கில அறிவு, வசதி பார்த்துப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. அந்த உதவியை விநியோகிக்கும் அமைப்புகளையும் அது கட்டுப்படுத்தும். 1994-ம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தை நெறியும், நிவாரணத்தை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்கிறது. "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்பதில் பிழையில்லை. "வேண்டாம்" என்ற பிறகும் அதே கவனத்தோடு சேற்றை வார வேண்டும். ஜெபத்துக்குத் தலை குனிந்தால்தான் தண்ணீர் பாட்டில் என்றால் அதற்குத் தொண்டு என்று பெயரில்லை.

நான்காம் தாள்: வேலை நேரப் பதிவு

சலித்துக்கொண்டு பலரும் விட்டுவிடும் தாள் இது. ஃபீமா பொது உதவித் திட்டத்தில் மத்திய அரசு வழக்கமாகச் செலவில் 75 சதவீதம் தரும். மீதியை மாநிலமும் ஊரும் ஏற்க வேண்டும். குப்பை அகற்றுதல், உணவு வழங்குதல் போன்ற தகுதியுள்ள அவசரப் பணிகளில் தொண்டர் உழைத்த நேரத்தை ஊர் தன் பங்கில் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர், நாள், இடம், நேரம், செய்த வேலை எல்லாம் பதிவில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட எட்டு மணி நேரம் அந்த ஊருக்கு நஷ்டம்.

உடம்பைக் காப்பது

• அடிப்பகுதியில் ஆணி ஏறாத கனமான பூட்ஸ், தடித்த கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, என்95 மாஸ்க் கட்டாயம். ஈரத்தில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை வந்துவிடும்.

• டெட்டனஸ் ஊசி பத்தாண்டுக்கு ஒருமுறை. அழுக்கான காயமென்றால், கடைசி ஊசிக்கு ஐந்தாண்டு ஆகியிருந்தாலே மறுபடி போட வேண்டும்.

• 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். கேட்காமல் சுரண்டாதீர்கள்.

• ஜெனரேட்டரை ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

• ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த எதையும் சேர்க்காதீர்கள்.

• பயிற்சி இல்லாத வேலை தந்தால் "தெரியாது" என்று சொல்லுங்கள். மரம் அறுக்கும் இயந்திரமும் கூரை வேலையும் பழகியவர்களுக்கே.

விசாவில் இருப்பவர்களுக்கு

எஃப்-1, எச்-1பி விசாவில் உள்ள நம்மவர்கள் தொண்டு அமைப்புகளில் ஊதியமின்றித் தொண்டு செய்யலாம். ஆனால் வழக்கமாகச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் பணியை இலவசமாகச் செய்வது சிக்கல் தரும். வேலைக்கு ஈடாகப் பணமோ பரிசோ வாங்காதீர்கள். வாரக்கணக்கில் தங்கிப் பணி செய்வதென்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ முதலில் கேளுங்கள்.

தவறு நேர்ந்தால்

முதலில் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள். அன்றே எழுத்திலும் கொடுங்கள். காயத்தைப் படமெடுத்து, சாட்சிகளின் பெயரைக் குறித்து, நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இலவச வேலைக்கு முன்பணம் கேட்டாலோ, நன்கொடை மோசடி என்று பட்டாலோ, கத்ரீனா புயலுக்குப் பின் 2005-ல் அமைந்த தேசியப் பேரிடர் மோசடி மையத்துக்குப் புகார் செய்யுங்கள்: 866-720-5721. பார்த்த அழிவு தூங்க விடாமல் செய்தால் பேரிடர் மன உதவி எண் 1-800-985-5990. அதில் தொண்டர்களும் பேசலாம்.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹூஸ்டனில் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது மறுபடி போனேன். இந்த முறை காலில் கனமான பூட்ஸ், பையில் ஊசி போட்ட அட்டை. அதே போன்ற வரிசை, அதே போன்ற தாள். எனக்கு முன்னால் நின்ற தமிழ் மாணவர் ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"தம்பி, படிச்சுட்டுப் போடுங்க" என்றேன்.

"லைன் நிக்குதேண்ணா…"

"நிக்கட்டும்."

அவர் இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு தலையை நிமிர்த்திக் குழுத் தலைவரிடம், "விபத்துக் காப்பீடு இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலைவர் இருக்கிறது என்று விவரம் சொன்னார். பின்னால் நின்ற மூன்று பேரும் தாளைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பினோம். அன்று மாலை எல்லோரும் காயமில்லாமல் திரும்பி வந்தோம்.