இயக்குநீர் மாற்றுச் சிகிச்சை

இயக்குநீர் மாற்றுச் சிகிச்சை அல்லது ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை என்பது, மாதவிடாய் நிறுத்தத்தை ஒட்டிச் சூலகங்களில் சுரப்பது குறைந்துவிடும் ஈஸ்ட்ரோஜனை மருந்தாக அளிக்கும் முறையாகும். இது மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, களிம்பு முதலிய வடிவங்களில் தரப்படுகிறது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் அளித்தால் கருப்பையின் உட்படலம் தடித்துப் புற்றுநோய் உண்டாகக்கூடும். எனவே புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தும் சேர்க்கப்படுகிறது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் தரப்படுகிறது.

பயன்கள்

உடலில் திடீரென வெப்பம் பரவுதல், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றை இச்சிகிச்சை பெரிதும் குறைக்கிறது. எலும்புத் தேய்மானத்தைக் குறைத்து முறிவுகளையும் தடுக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற வேளாண் பகுதிகளில் வயலில் உழைக்கும் பெண்கள், இவ்வெப்பத்தை வெயிலால் வந்த உடற்சூடு என்று கருதிவிடக்கூடும். இரவிலும் நிழலிலும் இது தோன்றுவது வேறுபாட்டை உணர்த்தும்.

தீங்குகள்

ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ‘பெண்கள் நல முனைப்பு’ ஆய்வில், கருப்பை உள்ள 16,608 பெண்களிடம் கூட்டு மருந்து சோதிக்கப்பட்டது. தீங்கு மிகுந்ததால் 2002 சூலையில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. மருந்து உண்ட 10,000 பெண்களில் ஓராண்டில் ஏற்பட்ட வேறுபாடு:

* மார்பகப் புற்றுநோய் - 8 கூடுதல்
* பக்கவாதம் - 8 கூடுதல்
* நுரையீரல் இரத்த அடைப்பு - 8 கூடுதல்
* இதய நோய் - 7 கூடுதல்
* பெருங்குடல் புற்றுநோய் - 6 குறைவு
* இடுப்பெலும்பு முறிவு - 5 குறைவு

இம்முடிவுகள் வெளிவந்ததும் உலகெங்கும் பலர் சிகிச்சையைக் கைவிட்டனர். எனினும் ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 ஆகும். 60 வயதுக்கு உட்பட்டோருக்கும், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகள் ஆகாதோருக்கும் கடும் அறிகுறிகள் இருப்பின் பெரும்பாலும் தீங்கினும் பயனே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தோல்வழி ஈஸ்ட்ரோஜனால் இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு மாத்திரையைவிடக் குறைவு.

இந்தியாவில்

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் ஏறத்தாழ 46 - 47 வயதில் நிற்கிறது. மேலைநாடுகளில் இது 51 அளவாகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 - 49 வயதுப் பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். கருப்பையை மட்டும் அகற்றினால் மாதவிடாய் நிற்கும். ஆனால் சூலகங்கள் தொடர்ந்து சுரக்கும். இரு சூலகங்களையும் அகற்றினால் ஈஸ்ட்ரோஜன் உடனே குறைந்துவிடும். இது 45 வயதுக்கு முன் நேர்ந்து, சிகிச்சையும் இல்லாதபோது எலும்பு நலிவும் இதய நோயும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே தடையேதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. அறுவை செய்துகொண்டவர் சூலகங்களும் அகற்றப்பட்டனவா என்பதை மருத்துவக் குறிப்பில் பார்த்து அறிந்திருத்தல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவர்கள்

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு உள்ளானவர்களுக்கும், கடும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் மாத்திரை வழிச் சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் குருதி கசிந்தால், அது சிறிதளவே ஆயினும், சிகிச்சை தொடங்குமுன் அதன் காரணத்தை மருத்துவர் கண்டறிதல் வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.